ஒலி அலையில் புரொஸ்டேட் கரையுமா?

ஆண்களுக்கு வரும் நோயை எங்கள் பக்கத்தில் ஏன் எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். டொக்டரிடம் அவர்கள் வாய் திறக்கு முன்பே இதைக் கண்டுகொள்பவர் நீங்கள்தான். இரவில் நாலைந்து தரம் எழும்புவது, கழிவறையில் நெடுநேரம் நிற்பது, வுளூச் செய்த பின்னும் சொட்டியதோ என்று மறுபடி போவது, பயணமென்றால் தண்ணீரே குடியாதிருப்பது. ஐம்பதைத் தாண்டிய கணவரிடமோ வாப்பாவிடமோ இவற்றைக் கண்டால் புரொஸ்டேட் சுரப்பி பெருத்திருக்கலாம்.

நெல்லிக்காயளவான இச்சுரப்பி சிறுநீர்ப்பையின் அடியில் சலக்குழாயைச் சுற்றி இருக்கிறது. வயதோடு வளர்ந்து குழாயை நெரிக்கிறது. 60 வயதில் ஏறத்தாழப் பாதி ஆண்களுக்கு இவ்வளர்ச்சி உண்டு. இது புற்றுநோயல்ல. ஆனால் இரண்டின் அறிகுறிகளும் ஒத்திருக்கும் என்பதால் டொக்டர்தான் பிரித்தறிய வேண்டும்.

ஒப்பரேசன் என்றதும், “சிறுநீரகக் கல்லை அலையால் உடைக்கிறார்களே, இதையும் அப்படிக் கரைக்க முடியாதா?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கல் அதிர்ச்சி அலை பட்டால் நொறுங்கும். புரொஸ்டேட் சதை; அது வெந்துதான் அழிய வேண்டும். பூதக்கண்ணாடி வெயிலை ஒரு புள்ளியில் குவித்துக் கடதாசியை எரிக்கிறதல்லவா? அதுபோல ஆசனவாய் வழியே கருவி செலுத்தி, ஒலி அலைகளைக் குவித்து, சதையை 60 பாகைக்கு மேல் சூடாக்கும் முறையை 1990களில் வியன்னாவில் செய்து பார்த்தார்கள். ஆரம்பத்தில் நல்ல சுகம் தெரிந்தது. ஆனால் நாலு வருடத்துக்குள் பத்தில் நாலு பேருக்கு மேல் பழைய ஒப்பரேசனுக்கே வர நேர்ந்தது. சாதாரண வீக்கத்துக்கு அம்முறை நிலைக்கவில்லை. புரொஸ்டேட் புற்றுநோயில் சிலருக்கு இன்றும் செய்கிறார்கள். நீங்கள் கேள்விப்படுவது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

ஆகவே இந்நோயில் ஒலி அலையின் முக்கிய வேலை பார்ப்பதுதான். சுரப்பியின் அளவு, சலம் போன பின் பையில் தேங்கும் மிச்சம், சிறுநீரகத்தின் நிலை எல்லாம் ஸ்கேனில் தெரியும். அண்மையில் வந்த, நீர்த்தாரையால் சதையை அகற்றும் முறையிலும் அது வழிகாட்டியே. ஸ்கேன் எடுத்ததையே வைத்தியம் என்று எண்ணி கிளினிக் போகாமலிருப்போரும் உண்டு!

பலருக்கு மருந்தே போதும். டம்சுலோசின் இறுக்கத்தைத் தளர்த்தும். தலை சுற்றலாம், எனவே இரவில் கட்டிலில் சற்று இருந்து எழும்பச் சொல்லுங்கள். ஃபினாஸ்டரைட் சுரப்பியைச் சுருக்கும். அதற்கு ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். வீட்டில் கர்ப்பிணி மகளோ மருமகளோ இருந்தால் அதன் உடைந்த வில்லையைத் தொட விடாதீர்கள், வயிற்றிலுள்ள ஆண் சிசுவைப் பாதிக்கும். ஒப்பரேசனும் பெரும்பாலும் வயிற்றைக் கிழித்தல்ல; சலம் வரும் வழியாலேயே கருவி விட்டுச் சதையைச் செதுக்கி எடுப்பார்கள்.

சொட்டும் தொல்லை இருப்பவரின் வுளூவுக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. ஆலிமிடம் கேட்கச் சொல்லுங்கள்.

தடிமனுக்குக் கடையில் வாங்கும் சில மாத்திரைகளால் இவர்களுக்குச் சலம் முற்றாக அடைத்துவிடலாம். அடிவயிறு புடைத்து, வலித்து, ஒரு துளியும் போகாவிட்டால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அந்த இரவிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.