ஃபைனல் ஃபோர் ஒரு குலுக்கல் அல்ல

யூரோலீக் கூடைப்பந்தின் பருவம் முடியும்போதெல்லாம் ஒரே குற்றச்சாட்டு எழுகிறது. எட்டு மாதம் ஆடிச் சேர்த்ததை ஒரே வார இறுதியில் நான்கு அணிகள் ஒற்றை ஆட்டங்களில் மோதும் ஃபைனல் ஃபோர் குலுக்கல் சீட்டாக்கிவிடுகிறதாம். என்பிஏ போல அரையிறுதியையும் இறுதியையும் தொடர்களாக நடத்தினால்தான் தகுதியுள்ள அணி வெல்லுமாம். இதற்கு வலுவான சான்றும் காட்டுகிறார்கள். எல்லா அணிகளும் ஒன்றோடொன்று மோதும் ஒரே பட்டியல் முறை 2016-17இல் வந்தது. பெருந்தொற்றால் நின்றுபோன 2020 நீங்கலாக, 2025 வரை எட்டு ஃபைனல் ஃபோர்கள் நடந்தன. பட்டியலில் முதலிடம் பிடித்த அணி ஒருமுறைகூடக் கோப்பையை வெல்லவில்லை.

சான்று உண்மை; அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு. குருட்டுக் குலுக்கலிலும் முதலிட அணிக்கு நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு, சராசரியாக எட்டில் இரண்டு கோப்பைகளை எதிர்பார்க்கலாம். ஒன்றும் கிடைக்காததை வைத்து அதிர்ஷ்டத்தின் ஆட்சி என்று சொல்ல முடியாது. வென்றவர்கள் யார் என்று பாருங்கள். எட்டில் ஐந்து முறை பட்டியலின் இரண்டாம் அல்லது மூன்றாம் இடத்து அணி. உச்சியில் இருப்பவர்களுக்கிடையே இடைவெளியும் மிகச் சிறியது. 2022-23இல் முதலிடத்து ஒலிம்பியாகோஸ் 34 ஆட்டங்களில் 24 வென்றது. மூன்றாமிடத்து ரியல் மாட்ரிட் 23. அந்த ஒற்றை வெற்றியைக் காட்டி ஒலிம்பியாகோஸுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்று எப்படிப் பேசுவது? கௌனாஸில் நடந்த இறுதியில் ரியல் 79-78 என்று வென்றது. அங்கு வருவதற்கு முன் அதே ரியல், பார்டிசானுக்கு எதிரான காலிறுதியில் முதல் இரண்டு ஆட்டங்களையும் சொந்த அரங்கிலேயே தோற்று, பிறகு மூன்றையும் தொடர்ந்து வென்றிருந்தது. தொடராட்டம் கேட்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்: காலிறுதி ஏற்கெனவே ஐந்து ஆட்டத் தொடர்தான்.

"ஒரு பந்து விழுந்தால் கோப்பை, விழாவிட்டால் இல்லை" என்பது அடுத்த வாதம். 2012 இஸ்தான்புல் இறுதியை உதாரணம் காட்டுவார்கள்: 19 புள்ளி பின்தங்கிய ஒலிம்பியாகோஸ், கடைசி நொடியில் பிரிண்டெசிஸ் போட்ட பந்தால் சிஎஸ்கேஏ மாஸ்கோவை 62-61 என்று வீழ்த்தியது. ஆனால் அந்த 19 புள்ளியைத் தின்றது ஒலிம்பியாகோஸின் கடுமையான தடுப்பாட்டம். அந்தக் கடைசிப் பந்துக்குச் சற்று முன் சிஎஸ்கேஏ வீரர் ஷிஷ்காவுஸ்கஸ் இரண்டு ஃப்ரீ த்ரோக்களைத் தவறவிட்டார். நெருக்கடியில் ஃப்ரீ த்ரோ போடுவதும் இந்த விளையாட்டின் திறன்தானே. கால்பந்தில் ஒரே கோல் தொண்ணூறு நிமிடத்தையும் தீர்த்துவிடலாம். கூடைப்பந்தில் நாற்பது நிமிடத்துக்குள் ஒவ்வொரு அணிக்கும் எழுபது தாக்குதல் வாய்ப்புகள் வரை கிடைக்கின்றன. இத்தனை முயற்சிகளுக்குப் பிறகு வரும் ஒரு புள்ளி வித்தியாசம், இரு அணிகளும் சமம் என்பதைத்தான் காட்டுகிறது.

குலுக்கலுக்கு ஆள் தெரியாது. ஃபைனல் ஃபோரோ 1989 முதல் 1991 வரை மூன்று முறையும் ஸ்ப்ளிட் அணியையே தேர்ந்தெடுத்தது. அவற்றில் இரண்டு இறுதிகளில் எதிரே நின்றது பார்சிலோனா. பயிற்சியாளர் ஷெல்கோ ஒப்ராடோவிச் ஐந்து கிளப்களுடன் ஒன்பது கோப்பைகள் வென்றார். அவரிடம் பணக்கார அணிகள் இருந்தன என்று சொல்லலாம். ஆனால் 1992இல் அவர் வென்றது யூகோஸ்லாவியப் போரால் தன் ஊரில் ஆட முடியாமல் ஸ்பெயினின் ஃபுவென்லப்ராடாவில் "சொந்த" ஆட்டங்களை ஆடிய இளம் பார்டிசானுடன். ஓரிரு நாளில் எதிரியைப் படித்து, இரண்டு ஆட்டங்களுக்காக அணியைக் கூர்தீட்டுவது தனித் திறமை. நீண்ட பட்டியல் அதை அளக்காது.

தொடராட்ட முறை இறுதிக்கும் ஒருமுறை வந்தது. 2001இல் கிண்டர் பொலோனியா, டாவ் செராமிகாவை 3-2 என்று வென்றது. ஐந்தாவது ஆட்டம்தான் முடிவு சொன்னது, அதுவும் பொலோனியாவில், ஒரு தரப்பு ரசிகர்களின் கூச்சலுக்கு நடுவே. ஃபைனல் ஃபோரிலும் சில ஆண்டுகள் போட்டி நடத்தும் ஊரின் அணியே வென்றிருக்கிறது: 2004இல் மக்காபி, 2015இல் ரியல், 2017இல் ஃபெனர்பாச்சே. இந்தக் குறையை நான் மறுக்கவில்லை, அரங்கைத் தேர்வு செய்யும்போது கவனம் வேண்டும். ஆனால் 2002இல் கிண்டரும் 2005இல் சிஎஸ்கேஏவும் சொந்த ஊரிலேயே தோற்றன. தொடராட்டத்திலோ சொந்த அரங்கின் சாதகம் விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பட்டியலில் மேலே இருக்கும் அணிக்கே கடைசி ஆட்டம்.