டாலர் கிடைக்கும், என்ன விலைக்கு?

வெள்ளிக்கிழமைதோறும் ரிசர்வ் வங்கி அந்நியச் செலாவணிக் கையிருப்பை வெளியிடுகிறது. விருதுநகர், சிவகாசிக் கிளைகளில் எல்.சி. பார்க்கும் நம் வாசகர்களில் பலருக்கு அது மும்பைக்காரர்கள் கவலை. பட்டாசு உள்நாட்டில் விற்கிற சரக்கு, இங்கே டாலருக்கு என்ன வேலை என்கிறார்கள். ஆனால் வெடியுப்புக்கும் தீக்குச்சி மருந்துக்கும் மூலமான பொட்டாஷ் முழுக்க இறக்குமதி. அச்சகத்து ஆப்செட் மெஷின் ஜெர்மனியிலிருந்து வருகிறது, மண்டிக்கு உளுந்து மியான்மரிலிருந்து.

1991-இல் 47 டன் தங்கம் இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் அடகுக்குப் போன கதை எல்லோருக்கும் தெரியும். நம் மேசையில் அதற்கு முன்பே நடந்ததைத்தான் யாரும் பேசுவதில்லை. இறக்குமதியை ஒடுக்க எல்.சி.க்கு ரொக்க மார்ஜின் கேட்டார்கள்: 1990 அக்டோபரில் 50 சதவீதம், அடுத்த ஏப்ரலில் 200. இயந்திரங்களுக்கு விலக்கு உண்டு, மூலப்பொருளுக்கு இல்லை. பத்து லட்ச ரூபாய்ச் சரக்கு வேண்டுமென்றால் இருபது லட்சம் கட்டு என்றால், எந்தச் சிறு முதலாளி தாங்குவார்?

இலங்கையில் 2022 மார்ச்சில் ஏட்டளவில் சுமார் 190 கோடி டாலர் கையிருப்பு இருந்தது. அதில் ஏறக்குறைய 150 கோடி நிபந்தனைகளோடு வந்த சீன ஸ்வாப், நினைத்தபடி எடுக்க முடியாதது. அச்சுத்தாள் வாங்க டாலரின்றி மேல் மாகாணப் பள்ளிகளில் தேர்வு தள்ளிப்போனது. நோட்டுப் புத்தகம் அச்சடிக்கிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே மொத்த எண்ணோடு நின்றுவிடாதீர்கள். ஓராண்டுக்குள் திருப்ப வேண்டிய வெளிக்கடன் எவ்வளவு, ரிசர்வ் வங்கி முன்பேரத்தில் விற்றுவைத்த டாலர் எவ்வளவு என்றும் பாருங்கள்.

இவ்வளவு டாலரைச் சும்மா வைத்திருப்பதைவிடச் சாலை போடலாமே என்ற யோசனை அவ்வப்போது வரும். நமக்கு அதில் உடன்பாடில்லை. விற்பதைவிட அதிகம் வாங்குகிற நாடு நாம். கையிருப்பில் பெரும்பகுதி முதலீடாகவும் கடனாகவும் உள்ளே வந்தது, வந்த வழியே போகக்கூடியது.

ஆனால் கையிருப்பு டாலர் கிடைக்கும் என்பதற்குத்தான் காப்பு, அதன் விலைக்கு அல்ல. 2022-இல் 50,000 கோடி டாலருக்குமேல் இருந்தும் ரூபாய் 80-ஐத் தாண்டியது. ரூபாய் அசையாமல் நிற்கும் மாதங்களில்தான் வாடிக்கையாளர் பார்வர்டு கவர் வீண் செலவு என்பார். 90 நாள் யூசன்ஸ் எல்.சி.யில் கையெழுத்து வாங்கும்போதே, ஒரு டாலருக்கு மூன்று ரூபாய் ஏறினால் அவர் லாபத்தில் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.