பயாஸ் தலையாட்டும்... பிராசஸர் கேட்காது!

ஓவர்கிளாக் பண்ணக் கிளம்புகிற ஆசாமி பயாஸுக்குள் போகிறார். மல்டிப்ளையரை ஏற்றி, சேவ் செய்கிறார். கம்ப்யூட்டரும் சமத்தாக ரீஸ்டார்ட் ஆகிறது. விண்டோஸில் போய்ப் பார்த்தால்... அதே பழைய வேகம்!

அடுத்து அவர் செய்வதுதான் ஆபத்து. "வோல்டேஜ் பத்தலை போல" என்று அதையும் ஏற்றுகிறார். நோய் என்னவென்றே தெரியாமல் மருந்தை இரட்டிப்பாக்குகிற வேலை. வோல்டேஜ் கூடினால் சூடு கூடும், பிராசஸரின் ஆயுள் குறையும். நஷ்டம் வாங்கியவர் தலையில்தான்.

அடிப்படைக் கணக்கு ரொம்ப சிம்பிள். பேஸ் கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ், மல்டிப்ளையர் 45 என்றால் வேகம் 4.5 ஜிகாஹெர்ட்ஸ். 1998-ல் வந்த செலரான் 300ஏ-வில் மல்டிப்ளையர் 4.5 என்று பூட்டியே இருந்தது. ஆனால் பஸ் வேகத்தை 66-லிருந்து 100 ஆக்கினால் போதும், 300 மெகாஹெர்ட்ஸ் சில்லு பலரிடம் 450-ல் ஓடியது. ஓடாவிட்டால் கம்ப்யூட்டர் தொங்கிவிடும். எதுவானாலும் பதில் உடனே தெரிந்தது.

இப்போது வழியில் காவல்காரர்கள் அதிகம்.

முதல் ஆள், பூட்டு. 2011-ல் வந்த இரண்டாம் தலைமுறை கோர் பிராசஸர்களில் இருந்து, இன்டெலில் பொதுவாக 'கே' என்ற எழுத்து உள்ள மாடல்களுக்குத்தான் மல்டிப்ளையர் முழுசாகத் திறந்திருக்கிறது. மதர்போர்டும் பெரும்பாலும் 'இசட்' வகையாக இருக்க வேண்டும். ஏஎம்டி ரைசனில் பெரும்பாலானவை திறந்தவை. ஆனால் ஏ320 சிப்செட் போர்டில் அந்த வசதி கிடையாது.

இரண்டாவது, மதர்போர்டு. புது செட்டிங்கில் பூட் ஆகாவிட்டால் பல போர்டுகள் தாமாகவே பழைய செட்டிங்குக்குத் திரும்பிவிடும்.

மூன்றாவது, மின்சேமிப்பு. வேலை இல்லாதபோது பிராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முழு லோடு கொடுத்துப் பார்க்காமல் 'ஏறவில்லை' என்று சொல்லவே கூடாது.

நான்காவது, லோடு கொடுத்த பிறகு குறுக்கே வருபவை: சூடு, மின்சார வரம்பு, ஏவிஎக்ஸ் கட்டளைகள் ஓடும்போது மல்டிப்ளையரைக் குறைக்கும் செட்டிங்.

நான்கும் வேறு வேறு கோளாறு, மருந்தும் வேறு வேறு. பார்ப்பவருக்கோ அறிகுறி ஒன்றுதான்: வேகம் ஏறவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், காரணம் உள்ளே பதிவாகவே செய்கிறது. வேகத்தைக் குறைத்தது சூடா, மின்சார வரம்பா என்று இன்டெல் பிராசஸர்கள் குறித்து வைக்கின்றன. ஹெச்டபிள்யூஇன்ஃபோ, த்ராட்டில்ஸ்டாப் போன்ற இலவச மென்பொருள்கள் அதை எடுத்துக் காட்டுகின்றன. அதையே ஒரு வரியில் தெரிவிக்க மதர்போர்டு கம்பெனிகளுக்கு என்ன கஷ்டம்? கலர் கலராக மெனு வரைய மட்டும் நேரம் இருக்கிறதே!

'சாதாரண ஆளுக்கு இதெல்லாம் எதற்கு?' என்பார்கள். சாதாரண ஆள் அந்த மெனுப் பக்கமே வருவதில்லையே. தடுப்பது தப்பில்லை, சில்லு கருகாமல் இருப்பதே அதனால்தான். தடுத்துவிட்டுச் சொல்லாமல் இருப்பதுதான் தப்பு.

பேங்கில் போட்ட செக் திரும்பினால்கூட, ஏன் திரும்பியது என்று ஒரு சீட்டு வைத்துத் தருகிறார்கள். ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கிய போர்டு அந்த மரியாதையாவது தர வேண்டாமா?

அதுவரை வோல்டேஜில் கை வைக்கும் முன் இந்த நான்கு பேரையும் வரிசையாக விசாரிப்பதுதான் பர்சுக்கு நல்லது.