மூக்கு வாசலில் ஒரு காவல்
ஒவ்வாமைத் தும்மலுக்குப் பல்லாண்டுகளாகப் பயன்படும் அசெலாஸ்டின் மூக்கு ஸ்பிரே கொரோனாவையும் தடுக்கலாம் என்கிறது, 2025இல் வெளியான ஜெர்மனியின் சார்லாந்து பல்கலைக்கழக ஆய்வு. 450 பேரில் மருந்து அடித்துக்கொண்டவர்களில் 2.2 சதவீதத்தினருக்கும், மருந்தில்லாத ஸ்பிரே அடித்தவர்களில் 6.7 சதவீதத்தினருக்கும் தொற்று வந்தது. என் மனம் நிற்பதோ வேறொரு கணக்கில்: 56 நாள், தினமும் மூன்று வேளை. நோயே இல்லாதபோது இத்தனை ஒழுங்காக மருந்தெடுக்க யாரால் முடியும்? இருமும் நோயாளிகளுக்கு நடுவே நாளெல்லாம் நிற்கும் செவிலியரால் முடியும்; வீட்டில் புற்றுநோய்ச் சிகிச்சையில் ஒருவர் இருந்தால், அந்த வீட்டாரால் முடியும். ஒரே மையத்தில், பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களிடம் நடந்த சிறிய சோதனை இது. அந்தச் செவிலியர்களுக்காகவேனும் பெரிய ஆய்வுக்கு அரசுகள் பணம் ஒதுக்க வேண்டும். அதுவரை, ஸ்பிரேயை நம்பித் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள்.