காயலான் கடையிலிருந்து வானத்துக்கு

1969ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், வால்பரைசோ என்ற ஊரில், ஒரு விமானத்தின் எலும்புக்கூடு கிடந்தது. இரண்டாம் உலகப் போர் முடிகிற நேரத்தில் கிரம்மன் நிறுவனம் அமெரிக்கக் கடற்படைக்காக உருவாக்கிய பேர்கேட் ரகப் போர் விமானம். விபத்துக்குப் பின் கைவிடப்பட்டது. இஞ்சின் இல்லை. மற்ற பாகங்களிலும் பலவற்றைக் காணோம். பழைய இரும்பு வியாபாரிகூட விலை சொல்வதற்கு முன் இருமுறை யோசித்திருப்பார். லைல் ஷெல்டன் என்ற முன்னாள் கடற்படை விமானி யோசிக்கவில்லை. வாங்கிக்கொண்டு போனார்.

20 வருடங்கள் கழித்து, 1989 ஆகஸ்டில், நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் அளந்து குறிக்கப்பட்ட 3 கி.மீ. தூரத்தை அதே எலும்புக்கூடு மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் கடந்தது. உள்ளே உட்கார்ந்திருந்தவர் ஷெல்டன். விமானத்தின் பெயர் ரேர் பேர், அதாவது அபூர்வக் கரடி. பிஸ்டன் இஞ்சினும் ப்ரொபெல்லரும் கொண்ட விமானங்களுக்கான உலக சாதனை அது. ஜெட் விமானம் பிறந்து சரியாக அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. ப்ரொபெல்லரின் வேகத்தைப் பற்றி உலகம் கவலைப்படுவதை விட்டு வெகு காலமாகிவிட்டது.

கவலைப்பட்டவர்கள் ஒரு சிறு கூட்டம். 1939 ஏப்ரலில் ஜெர்மானிய விமானி ஃப்ரிட்ஸ் வெண்டல் மணிக்கு 755 கி.மீ. வேகத்தில் பறந்து ஒரு சாதனை வைத்தார். நான்கு மாதத்தில் அதே நாட்டில் முதல் ஜெட் விமானம் கிளம்பிவிட்டது. ப்ரொபெல்லர் சாதனை மட்டும் 30 வருடங்கள் யாராலும் அசைக்கப்படாமல் நின்றது. 1969ல் டாரல் கிரீனமையர் இன்னொரு பேர்கேட்டில் அதை முறியடித்தார். 1979ல் ஸ்டீவ் ஹிண்டன் 800 கி.மீ.யைத் தாண்டினார். பிறகு ஷெல்டனின் முறை. இத்தனையையும் சாதித்தவர்கள் பெரிய விமானக் கம்பெனிகள் அல்ல. வாடகை ஷெட்டில், கடன் வாங்கிய ஸ்பானரோடு, ராத்திரி கண் விழித்தவர்கள்.

இவர்களுக்கு 1964லிருந்து ஒரு திருவிழா இருந்தது. நெவாடா மாநிலத்தின் ரீனோ நகருக்கு அருகே பாலைவனத்தில் கம்பங்கள் நட்டு, தென்னை மர உயரத்துக்குச் சற்று மேலே, எட்டு ஒன்பது விமானங்கள் ஒரே நேரத்தில் வட்டமடிக்கும் பந்தயம். அதில் ‘அன்லிமிடெட்’ என்ற பிரிவுக்குத்தான் மவுசு. பிஸ்டன் இஞ்சின் இருக்க வேண்டும் என்பதைத் தவிர கட்டுப்பாடு குறைவு. மஸ்டாங், பேர்கேட், ஸீ ஃப்யூரி என்று போரில் பிழைத்தவையும் போருக்குப் பின் வந்தவையும் இதில் ஓடின.

ஓட வைப்பது எப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மஸ்டாங்கின் இதயம் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின். 12 சிலிண்டர், 27 லிட்டர். போர்க்காலத்தில் பிரிட்டனிலும், அதன் அனுமதியோடு அமெரிக்காவில் பாக்கார்ட் கார் கம்பெனியிலும் தயாரானது. மொத்தத்தில் சுமார் ஒன்றரை லட்சம். பாக்கார்ட் மட்டும் 55,000க்கும் அதிகம். (டெட்ராய்ட்டில் செய்தும் பாக்கார்ட் மரையை பிரிட்டிஷ் அளவிலேயே வெட்டியது. பழைய என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு அந்த ஸ்பானர் தொல்லை புரியும்.) போர் முடிந்ததும் இவை கிலோ கணக்கில் விற்கப்பட்டன. 1946ல் ஹாலிவுட் விமானி பால் மாண்ட்ஸ் 475 உபரி ராணுவ விமானங்களை மொத்தமாக 55,000 டாலருக்கு வாங்கினார். அவற்றிலிருந்த மஸ்டாங்குகளை மாற்றியமைத்து, நாட்டின் குறுக்கே பறக்கும் பெண்டிக்ஸ் பந்தயத்தில் தொடர்ந்து மூன்று முறை ஜெயித்தார். ஒரு இஞ்சின் போனால் இன்னொன்று. பெட்டியைப் பிரிக்க வேண்டியதுதான்.

அந்த ஊதாரித்தனம் பல வருடம் நீடித்தது. விமானப் பந்தயக்காரர்கள் மட்டும் குற்றவாளிகள் இல்லை. அமெரிக்க ஏரிகளில் சீறும் ஹைட்ரோப்ளேன் படகுகளுக்கும் மெர்லின், அல்லிசன் இஞ்சின்களே பொருத்தப்பட்டன. 1980களில் டர்பைன் வரும்வரை அவை விமான இஞ்சின்களைத் தின்று தண்ணீரில் துப்பின.

மெர்லினைப் பந்தயத்துக்குத் தயார்ப்படுத்துவது என்றால், அது எதற்காகப் பிறக்கவில்லையோ அதைச் செய்ய வைப்பது. சூப்பர்சார்ஜர் காற்றை அழுத்தி சிலிண்டருக்குள் திணிக்கிறது. அந்த அழுத்தத்தைப் பாதரச அளவில் சொல்வார்கள். போர் விமானி கிளம்பும்போது 61 அங்குலம். எதிரி துரத்தினால் சில நிமிடங்களுக்கு 67. நிமிடத்துக்கு 3,000 சுற்று. ரீனோவில் முன்னணியில் ஓடியவர்கள் 140 அங்குலத்துக்கு மேல் ஏற்றினார்கள், சுற்றும் 3,400ஐத் தாண்டியது. சுமார் 1,500 குதிரை சக்திக்காகச் செய்த இஞ்சினிலிருந்து 3,000க்கு மேல் பிழிவது. எரிபொருள் அகாலத்தில் வெடித்து பிஸ்டனை ஓட்டை போடாமலிருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்து உள்ளே பீய்ச்ச வேண்டும். ரேடியேட்டர் மீது தண்ணீரைத் தெளித்து ஆவியாக்கி சூடு தணிக்க வேண்டும். அந்தத் தண்ணீர் தீர்வதற்குள் பந்தயம் தீர வேண்டும்.

இதில் முதலில் உடைவது கனெக்டிங் ராடு. உடைந்தால் அது இஞ்சினின் பக்கச் சுவரைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வரும். அனுபவசாலிகள் கண்டுபிடித்த மருந்து விசித்திரமானது. மெர்லினின் அமெரிக்கப் போட்டியாளரான அல்லிசன் இஞ்சினின் பிந்தைய ரகத்தில் ராடுகள் இன்னும் தடிமனானவை. அவற்றை மாற்றிச் செதுக்கி மெர்லினுக்குள் உட்கார வைத்தார்கள். சிலிண்டர் தலைக்கு வேறு ஒரு வீடு. போருக்குப் பின் பயணிகள் விமானங்களுக்காகச் செய்த மெர்லின்களில் அந்தப் பகுதி இன்னும் உறுதியாக இருந்தது. கனடாவின் நார்த் ஸ்டார் விமானங்களைச் சுமந்த அந்த ரகம் இன்று பந்தயக்காரர்களின் புதையல்.

ரேர் பேரின் இஞ்சின் இன்னும் பெரிய கதம்பம். பேர்கேட்டுக்கு உரிய இஞ்சினை விட்டுவிட்டு, ரைட் கம்பெனியின் 18 சிலிண்டர், 55 லிட்டர் ராட்சதனை அந்தக் குட்டி உடம்பில் ஏற்றினார் ஷெல்டன். பி-29 குண்டுவீச்சு விமானத்துக்காக வளர்ந்த ரகம் அது. 1948 ஜூனில் பம்பாயிலிருந்து லண்டனுக்கு ஏர் இந்தியாவின் முதல் பயணிகளைக் கொண்டுபோன கான்ஸ்டலேஷன் விமானத்தை இழுத்ததும் அதே குடும்பத்து இஞ்சின்தான். அதன் பல ரகங்களிலிருந்து பொறுக்கிய பாகங்களைச் சேர்த்துக் கோத்ததே சாதனை இஞ்சின். எந்தத் தொழிற்சாலையும் அப்படி ஒன்றைத் தயாரித்ததில்லை. கையேட்டில் தேடினால் கிடைக்காது.

கையேடு மட்டும் போதாது, பாகம் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஆளும் வேண்டும். தேடல் நாடு கடந்தது. 1979ல் ஈராக்கிலிருந்து பழைய ஸீ ஃப்யூரி விமானங்கள் மொத்தமாக அமெரிக்கா போயின. அதே வருடம் பர்மிய விமானப்படை கழித்துக் கட்டிய ஒரு ஸீ ஃப்யூரியை ஸாண்டர்ஸ் குடும்பம் வாங்கியது. அதன் மூக்கில் 28 சிலிண்டர், 56 ஸ்பார்க் ப்ளக் கொண்ட இஞ்சினை மாட்டி ‘ட்ரெட்நாட்’ என்று பெயர் வைத்தார்கள். 1983ல் அது ரீனோவில் முதலிடம். ஹிண்டன் 1979ல் ஓட்டிய விமானத்தின் க்ரிஃபன் இஞ்சினும், எதிர் எதிர்த் திசையில் சுழலும் இரட்டை ப்ரொபெல்லரும், கடல் ரோந்து போகும் ஷாக்கிள்டன் விமானத்துக்காகச் செய்யப்பட்டவை.

இந்தியாவும் இந்தச் சந்தைக்குச் சரக்கு கொடுத்திருக்கிறது. பிரிட்டிஷ் விமானப்படை கான்பூரில் விட்டுப்போன லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை, போகும்போது உடைத்து நாசமாக்கிவிட்டே போயிருந்தது. 1948ல் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தார் அங்கே போய், ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட்டு, அவற்றை பெங்களூருக்கே பறக்க வைத்தார்கள். புனரமைப்பு என்ற சொல்லை யாரும் அப்போது பெரிதாக உச்சரிக்கவில்லை. பணம் இல்லை, விமானம் வேண்டும், அவ்வளவுதான். 1968 வரை அவை நம் படையில் இருந்தன. பூனாவில் ஓரங்கட்டப்பட்ட ஒன்று 1981ல் பிரிட்டிஷ் சேகரிப்பாளர் ஒருவரிடம் போய், அங்கிருந்து அமெரிக்கா சேர்ந்து, 1989ல், ரேர் பேர் சாதனை படைத்த அதே வருடத்தில், மறுபடி பறந்தது. டெம்பெஸ்ட் போர் விமானங்களும் இங்கிருந்து போயின. நம்மிடம் மிஞ்சியது மியூசியத்தில் நிற்பவையும், விமானப்படையின் பழைய விமானப் பிரிவு பறக்க வைத்திருக்கும் சிலவும். 2018ல் அதற்கு ஒரு டகோட்டா வந்தது. அதைப் புதுப்பிக்க பிரிட்டனுக்குப் போக வேண்டியிருந்தது. கான்பூரில் அதைச் செய்து காட்டிய கைகள் வாரிசு இல்லாமல் போனதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

பந்தயத்தின் மீது சேகரிப்பாளர்களுக்குத் தீராத கோபம் உண்டு. 15,000க்கு மேல் தயாரான மஸ்டாங்கில் இன்று பறப்பவை 200ஐத் தாண்டாது. கிராங்க்கேஸ் வெடித்தால் ஒட்டுப் போட முடியாது. இறக்கையை வெட்டிக் குறுக்கிய விமானம் பழைய உருவத்துக்குத் திரும்புவது கடினம். மீதியிருக்கும் சொத்தை ஒரு கோப்பைக்காக எரிக்கலாமா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் யாருக்கும் வேண்டாத காலத்தில் அந்த உலோகத்தைக் காயலான் கடைக்காரரிடமிருந்து மீட்டவர்களில் பந்தயக்காரர்களும் உண்டு. ஷெல்டன் வாங்கியிராவிட்டால் வால்பரைசோவில் கிடந்தது அலுமினியப் பாத்திரமாகியிருக்கும். மெர்லினின் எந்த பாகம் எந்த அழுத்தத்தில் போகும் என்பதை இஞ்சின்களை உடைத்தே கற்றார்கள். இன்று பிஸ்டன், ராடு, பேரிங் போன்றவற்றைப் புதிதாகச் செய்கிறார்கள் என்றால், அந்தப் பட்டறைகளுக்குப் பந்தயமும் படியளந்திருக்கிறது.

கணக்கு இரும்போடு முடிந்திருந்தால் இந்த வாதத்தைச் சமமென்று விட்டுவிடலாம்.

2011 செப்டம்பர் 16ஆம் தேதி ரீனோவில் ‘கேலோபிங் கோஸ்ட்’ என்ற மஸ்டாங் மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் போய்க்கொண்டிருந்தது. 1946லேயே க்ளீவ்லேண்ட் பந்தயத்தில் ஓடிய விமானம் அது. வேகத்துக்காக அடையாளம் தெரியாத அளவு மாற்றப்பட்டிருந்தது. கம்பத்தைத் திரும்பும்போது சட்டென்று செங்குத்தாக எழும்பியது, கவிழ்ந்தது, பார்வையாளர் பகுதியில் வந்து மோதியது. 74 வயது விமானி ஜிம்மி லீவர்டும் பார்வையாளர்கள் 10 பேரும் இறந்தார்கள். 60க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் துண்டுகளைப் பொறுக்கித் தேடியது. இஞ்சின் காரணமில்லை. வால் பகுதியில், மூக்கின் ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்யும் டிரிம் டேப் என்ற சிறு தகடு. அதைப் பிடிக்கும் ஸ்க்ரூக்கள். அந்த ஸ்க்ரூக்களின் லாக் நட்டுகள். ஒருமுறை போட்டால் மறுமுறை போடக்கூடாத ரகம். நட்டுக்குள் இருக்கும் பிடிவளையம் தேய்ந்தால் அது வெறும் நட்டு. இவை பழையவை, வளையம் கெட்டுப்போனவை. ஸ்க்ரூ தளர்ந்தது, ஒன்றில் விரிசல் விழுந்தது, தகடு படபடத்தது. ஒரு நொடிக்குள் விமானியின் உடல் எடை 17 மடங்கானது. அவர் நினைவிழந்திருப்பார். மாற்றியமைத்த விமானம் அந்த வேகத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று உரிய சோதனை செய்யவில்லை என்பதையும் வாரியம் எழுதியது.

கவனிக்க வேண்டியது, அந்த நட் அபூர்வப் பொருள் அல்ல என்பதே. உலகெல்லாம் தேட வேண்டாம், விமானப் பொருள் விற்கும் எந்தக் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். கிடைக்காத ராடுக்காகக் கண்டம் தாண்டுகிற தொழிலில், கிடைக்கிற நட்டை மாற்றவில்லை.

ரீனோ அதற்குப் பிறகும் 12 வருடம் நடந்தது. 2023 செப்டம்பரில் கடைசிப் பந்தயம். அதன் கடைசி நாளில் இரண்டு பயிற்சி ரக விமானங்கள் தரையிறங்கும்போது மோதி, இரு விமானிகளும் இறந்தார்கள். ஊர் பாலைவனத்துக்குள் வளர்ந்துவிட்டது என்று விமான நிலையம் ஏற்கெனவே கைவிரித்திருந்தது. 2025ல் போட்டி நியூ மெக்ஸிகோவின் ராஸ்வெல்லுக்கு மாறியது. ராஸ்வெல் விமான நிலையத்துக்கு இன்னொரு தொழில் உண்டு. ஓய்வு பெற்ற ஜெட் பயணிகள் விமானங்களை அங்கே வரிசையாக நிறுத்தி, உதிரி பாகங்களைக் கழற்றிக்கொண்டு, மீதியை வெட்டி எடைக்குப் போடுகிறார்கள். 80 வயது மஸ்டாங்குகள் இப்போது அந்த வரிசைக்குப் பக்கத்தில்தான் இஞ்சினைச் சூடாக்குகின்றன.