குடும்பக் கணக்கு: ஒரு மட்டையும் ஒரு நாள் கூலியும்



காக்களூரிலிருந்து ஒரு சகோதரி மடல் எழுதியுள்ளார். அவருடைய கணவர் அங்குள்ள சிட்கோ தொழிற்பேட்டையில் கடைசல் எந்திரத்தில் பணிபுரிகிறார். மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துக் கல்லூரியில் சேரும் நிலையில் இருக்கிறாள். மகன் பத்தாம் வகுப்பு. யாரோ வேண்டாமெனக் கழித்த பழைய கோல்ஃப் மட்டை ஒன்று அவன் கைக்கு வந்து சேர்ந்தது. அன்றுமுதல் அவனுக்கு அந்த விளையாட்டின் நினைவாகவே இருக்கிறதாம். "முழுத் தொகுப்பு வாங்கிக் கொடுத்தால் நன்றாக ஆடுவேன் என்கிறான். மகளின் படிப்புக்கென்று கட்டிவரும் சீட்டை முன்கூட்டியே தள்ளி எடுத்து வாங்கிக் கொடுக்கலாமா? அவன் அத்தாவோ, இது சீமான்களின் விளையாட்டு, நமக்கு எதற்கு என்கிறார். நான் என்ன செய்வது?" என்று வினவுகிறார்.

முதலில் சுருக்கமாக விடை கூறிவிடுகிறேன். சீட்டை எடுக்க வேண்டாம். பையனின் ஆசையை முறிக்கவும் வேண்டாம். இவ்விரண்டையும் ஒருசேரச் செய்ய இயலும் என்பதை விளக்கவே இம்மாதப் பக்கம்.

எது விலை, எது விலையன்று?

கோல்ஃப் என்பது புல்வெளியில் வைத்த சிறு பந்தை மட்டையால் அடித்து, தொலைவிலுள்ள குழியில் மிகக் குறைந்த அடிகளில் சேர்க்கும் விளையாட்டு. பந்தின் குறுக்களவு 42.67 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது; எடை 45.93 கிராமுக்கு மிகலாகாது. குழியின் வாய் 108 மில்லிமீட்டர். முழு மைதானம் எனில் பதினெட்டுக் குழிகள். ஓர் ஆட்டக்காரர் பதினான்கு மட்டைகள்வரை உடன் கொண்டு செல்லலாம் என்பது விதி. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: பதினான்குக்கு மேற்படக் கூடாது என்றுதான் விதி சொல்கிறதே தவிர, இத்தனை மட்டைகளேனும் இருந்தாக வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. ஒரே மட்டையுடன் ஒருவர் ஆடினாலும் அவர் ஆடுவது கோல்ஃப்தான்.

அப்படியானால் இது சீமான்களின் விளையாட்டு என்று பெயர் பெற்றது ஏன்? நிலத்தாலும் நீராலும்தான். பதினெட்டுக் குழி மைதானத்திற்கு நூறு ஏக்கரும் அதற்கு மேலும் தேவைப்படும். அந்தப் புல்லைக் கோடையிலும் பசுமை குன்றாமல் காக்க வேண்டும். கல்கத்தாவில் 1829-ஆம் ஆண்டிலேயே கோல்ஃப் கழகம் தோன்றிவிட்டது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே தோன்றிய கழகங்களுள் அதுவே மிகப் பழையது. சென்னையிலும் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பின்னர் ஏற்பட்டவையும் ஆங்கிலேய அதிகாரிகளுக்கும் வணிகர்களுக்கும் உரியவையாகவே இருந்தன. நிலம் அவர்களுக்கு மலிவாகக் கிடைத்தது. உறுப்பினர் என்னும் வேலி மற்றவர்களை வெளியே நிறுத்தியது.

கிண்டி குதிரைப் பந்தயத் திடலை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடுபாதையின் உட்பகுதியில்தான் மெட்ராஸ் ஜிம்கானா கழகத்தார் நெடுங்காலம் கோல்ஃப் ஆடிவந்தனர். அத்திடல் 1946 முதல் தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகையாக ரேஸ் கிளப்புக்கு விடப்பட்டிருந்தது. ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம்! நூற்றறுபது ஏக்கருக்கு அதுவே வாடகை. 2024 செப்டம்பரில் தமிழக அரசு குத்தகையை இரத்து செய்து நிலத்தைத் தன்வசம் எடுத்தது. விவகாரம் நீதிமன்றப் படியும் ஏறியது. ஒரு குடும்பம் மாதந்தோறும் வீட்டு வாடகைக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த தொகையை ஓராண்டுக்குக் கொடுத்தவர்கள் ஆடிய ஆட்டத்தை, செலவு மிக்க ஆட்டம் என்று நாம் எண்ணிக்கொண்டிருந்தோம். செலவு இருந்தது உண்மை. அது மட்டையிலும் பந்திலும் இல்லை, வாயிற்கதவில் இருந்தது.

ஆகவே ஏழைக் குடும்பத்தின் கேள்வி, "எந்த மட்டையை வாங்குவது?" என்பதாக இருக்கலாகாது. "எந்தக் கதவு திறக்கும், அதற்கு என்ன கட்டணம்?" என்பதே கேட்க வேண்டிய கேள்வி. பொருள்களில் பணத்தை முடக்கிவிட்டுக் களத்துக்குச் செல்லக் காசில்லாமல் நிற்பவர்களே மிகுதி.

பை சுமந்தவர்கள்

கதவு திறவாத காலத்திலும் உள்ளே சென்றவர்கள் உண்டு. ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்து, பந்து விழுந்த இடத்தைக் கண்டு சொல்லும் பணியாளரைக் 'கேடி' என்பர். தில்லி கோல்ஃப் கழகத்தில் அப்பணி செய்து வளர்ந்த அலி ஷேர், 1991-இல் இந்திய ஓப்பன் போட்டியை வென்றார். அதற்கு முன் 1965-இல் ஓர் இந்தியர் வென்றிருந்தார் என்றாலும், அவர் தொழில்முறை ஆட்டக்காரர் அல்லர். தொழில்முறை ஆட்டக்காரர்களுள் அப்பட்டத்தை வென்ற முதல் இந்தியர் அலி ஷேர்தான். 1993-இல் மீண்டும் வென்றார். 1998-இல் கல்கத்தாவின் ஃபிரோஸ் அலி வென்றார். 2009-இல் வென்ற பெங்களூரு முனியப்பாவும் பை சுமந்தவரே. 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அடுத்தடுத்து வென்ற சௌராசியாவின் தந்தை, ராயல் கல்கத்தா கழகத்தில் புல்தரையைப் பராமரித்தவர்.

அண்டை நாடான வங்கதேசத்தின் சித்திக்குர் ரஹ்மானுடைய வரலாறு இன்னும் நெஞ்சைத் தொடுவது. வறிய குடும்பத்துப் பிள்ளை. டாக்காவின் குர்மிட்டோலா மைதானத்தில் பந்து பொறுக்கும் சிறுவனாகச் சேர்ந்தார். மட்டை வாங்க வழியின்றி, இரும்புக் கம்பி ஒன்றைப் பட்டறையில் கொடுத்து மட்டைபோல் ஆக்கி ஆடிப் பழகினார் என்று அவரைப் பற்றி எழுதியோர் கூறுவர். 2010-இல் புருணை ஓப்பனையும் 2013-இல் இந்திய ஓப்பனையும் வென்றார். 2016 ரியோ ஒலிம்பிக்கில், சலுகை அழைப்பின்றித் தம் தகுதியால் இடம்பெற்ற முதல் வங்கதேசத்தவரும் அவரே. பம்பாய் செம்பூரில், மைதானத்தில் பை சுமக்கும் இளைஞர்கள், வளைத்த இரும்புக் கம்பியும் பிளாஸ்டிக் பந்தும் கொண்டு தங்கள் குடிசைச் சந்துகளிலேயே இந்த ஆட்டத்தை ஆடியதும் உலகச் செய்திகளில் வந்ததுண்டு.

இவற்றை எழுதும்போது ஓர் எச்சரிக்கையையும் சேர்த்தே எழுத வேண்டும். வென்றவர்களின் பெயர்கள்தாம் நமக்குத் தெரியும். அதே பையைச் சுமந்து, முதுகு வளைந்து, முதுமையிலும் பை சுமப்பவர்களின் பெயர்களை எவரும் எழுதுவதில்லை. வேறு வாயில் இல்லாததால் அவர்கள் அவ்வழியே சென்றனர். பள்ளியை விட்டுவிட்டு நம் பிள்ளை அவ்வழியே செல்ல வேண்டியதில்லை. இவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது, ஒற்றைக் கம்பியிலும் கலை படியும் என்பதொன்றே.

மூன்று படிகள்

முதற்படி வீட்டிலேயே இருக்கிறது. பெரும்பாலான முழு மைதானங்களில் தேர்ந்த ஆட்டக்காரருக்கு வகுக்கப்பட்ட அடிகள் 72. அந்தக் கணக்கில் ஒவ்வொரு குழிக்கும் இரண்டு வீதம் 36 அடிகள், குழியருகே பந்தைத் தரையோடு உருட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. அதாவது ஆட்டத்தின் சரிபாதி, 'பட்டர்' எனப்படும் ஒற்றை உருட்டுமட்டையில் அடங்கிவிடுகிறது. அதற்குப் புல்வெளி வேண்டுவதில்லை. கூடத்தில் ஜமுக்காளத்தை விரித்து, மறுமுனையில் ஒரு டம்ளரைச் சாய்த்து வைத்தால் போதும். டம்ளரின் வாய் மெய்யான குழியைவிடச் சிறிதாக இருப்பதும் நன்மையே. நாளொன்றுக்கு அரைமணி நேரம், ஓராண்டு இதைச் செய்த பிள்ளைக்கு, விலையுயர்ந்த தொகுப்பைச் சுமந்து வரும் செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு எளிதில் வாய்க்காத கை அமைதி வாய்க்கும்.

இரண்டாம் படி, கைக்கு வந்த அந்த மட்டை. அது இரும்புத் தலையுள்ளதா என்று பாருங்கள். அடியில் 7 என்ற எண் இருந்தால் மிக நல்லது. கற்பவர்களுக்குப் பயிற்றுநர்கள் பெரும்பாலும் முதலில் கொடுப்பது ஏழாம் எண் மட்டையையே. பையனின் உயரத்துக்கு அது நீளமாக இருந்தால், தண்டு எஃகுக் குழாயாக இருக்கும் பட்சத்தில் அவன் அத்தாவே கைப்பிடியைக் கழற்றி, மேல்முனையில் சிறிதளவு அறுத்து, புதிய பிடியைப் பொருத்திவிடலாம். கடைசல் எந்திரத்தில் நாள் முழுதும் அளவு பிசகாமல் வேலை செய்பவருக்கு இது பெரிய காரியமன்று. தந்தை எதிர்க்கும் ஆட்டத்தில் தந்தையின் கைவேலை சேர்ந்துவிட்டால், வீட்டில் பாதிப் பிணக்குத் தீர்ந்துவிடும் என்பது என் நம்பிக்கை.

பந்தைப் பற்றி ஒரு கண்டிப்பு. மெய்யான கோல்ஃப் பந்து கல்லைப்போன்றது. தொழிற்பேட்டைச் சாலையிலும், ஏரிக்கரையில் ஆடுமாடு மேயுமிடத்திலும் அதை அடிக்கவே கூடாது. ஒருவர் கண்ணிலோ நெற்றியிலோ பட்டால் வாழ்நாள் வருத்தமாகும். துளைகளிட்ட, உள்ளீடற்ற பிளாஸ்டிக் பயிற்சிப் பந்துகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவை நெடுந்தொலைவு போகமாட்டா. எனினும் மட்டையை வீசும் முறையைப் பழக அவையே போதும். வீசும்போது அருகில் எவரும் நிற்கலாகாது.

மூன்றாம் படிக்குத்தான் காசு வேண்டும். மைதானத்துக்குள் நேரே போகாமல், 'டிரைவிங் ரேஞ்ச்' எனப்படும் பயிற்சிக் களத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே வாளிக் கணக்கில் பந்துகளை வாடகைக்கு எடுத்து அடிக்கலாம். மட்டை இல்லாதவர்களுக்கு மட்டையும் சில இடங்களில் வாடகைக்குக் கிடைக்கும். சென்னை நந்தனத்தில் தமிழ்நாடு கோல்ஃப் சம்மேளனத்தின் தொடர்புடைய காஸ்மோ மைதானம் இருக்கிறது. திருவள்ளூரில் மின்தொடர் வண்டி ஏறிச் சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து மெட்ரோவில் நந்தனம் நிலையத்தில் இறங்கலாம். செல்லுமுன் தந்தை ஒருமுறை நேரில் போய் நான்கு கேள்விகள் கேட்டு, விடைகளை ஏட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். உறுப்பினரல்லாதார் வரலாமா? மாணவருக்குச் சலுகை உண்டா? கூட்டம் குறைந்த நேரத்தில் கட்டணம் குறையுமா? இளையோருக்கான பயிற்சி முகாம் எப்போது? கேட்பதில் இழிவில்லை. சலுகை என்பது கேட்டவருக்கே கிடைக்கிறது.

வரம்பு எது?

தந்தையின் ஒரு நாள் கூலி எவ்வளவோ, அவ்வளவே மாதச் செலவின் வரம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக் கட்டணமும் அதற்குள் அடங்க வேண்டும். அத்தொகைக்கு மாதம் இருமுறை செல்ல முடிந்தால் இருமுறை. ஒருமுறைதான் எனில் ஒருமுறை. கணக்கை மகனே எழுதட்டும். ஓராண்டு தவறாமல் எழுதி, தவறாமல் பழகி, ஆர்வமும் குன்றாமல் இருந்தால், பழைய மட்டைகளில் ஐந்தாறு கொண்ட அரைத் தொகுப்பு வாங்குவதைப் பற்றி அப்போது பேசலாம். தவணை முறையில் வாங்க வேண்டாம். வட்டியும் சேரும், ஆசை தீர்ந்த பின்பும் தவணை தீராது. கையுறை, தனிக் காலணி, பெயர் பொறித்த தொப்பி ஆகியவை இப்போது தேவையில்லை. ரப்பர் அடியுள்ள பள்ளிக் காலணியும் கழுத்துப்பட்டை வைத்த சட்டையும் போதும்.

இரு செய்திகள் நம் இல்லங்களுக்கென்று கூற வேண்டியவை. ஆடுவோர் தமக்குள் பந்தயம் கட்டும் பழக்கம் இந்த ஆட்டத்தில் பல இடங்களில் உண்டு. ஒரு தேநீருக்கென்று தொடங்கும், அங்கேயே நிற்காது. அது சூது. அவ்வட்டத்தில் நிற்கலாகாது என்று முதல் நாளே மகனுக்குச் சொல்லிவிடுங்கள். மற்றொன்று, பதினெட்டுக் குழிகளை முடிக்க நான்கு மணி நேரமும் அதற்கு மேலும் ஆகும். பிற்காலத்தில் மைதானத்தில் ஆடும் வாய்ப்பு வந்தால், விடியற்காலையில் ஒன்பது குழிகள் என்று அமைத்துக்கொண்டால் லுஹருக்கு வீடு திரும்பலாம். வெயிலும் தப்பும், கட்டணமும் குறையும்.

மகளையும் மறந்துவிடாதீர்கள். ஓட்டமும் மோதலும் இல்லாத, முழு ஆடையும் தலைத்துணியும் தடையாகாத விளையாட்டுகளுள் இதுவும் ஒன்று. கூடத்து ஜமுக்காளம் தம்பிக்கு மட்டும் சொந்தமன்று. அக்காளும் தம்பியும் மாறி மாறி உருட்டினால் போட்டியும் இருக்கும், செலவும் கூடாது.

இனி அந்தச் சீட்டுப் பணம். அது மகளின் படிப்புக்கென்று பெயர் சொல்லிச் சேர்த்தது. ஆகவே அது பெற்றோர் கையில் இருக்கும் அமானத். மகன் நாளை பெரிய வீரனாகலாம் என்னும் எண்ணத்துக்காக, மகள் இன்று கல்லூரிக்குச் செல்வது தடைபடக் கூடாது. ஒரு பிள்ளையின் விளையாட்டுக்கு மறு பிள்ளையின் கல்வியை விலையாகக் கொடுத்த வீட்டில், அந்த விளையாட்டும் மகிழ்ச்சி தராது. ஆடும் பிள்ளையின் தோளில் அது பையைவிடப் பெரிய சுமையாக ஏறிவிடும்.

பிள்ளைகளின் ஆசையைக் கேட்டவுடன் "நமக்கு ஆகாது" என்பதும், கேட்டவுடன் கடன் வாங்கி நிறைவேற்றுவதும் நம் இல்லங்களில் மாறி மாறி நடப்பவை. இரண்டிலும் பிள்ளை எதையும் கற்பதில்லை. "இவ்வளவுதான் நம்மிடம் உண்டு, இதற்குள் எவ்வளவு தூரம் போகிறாய் பார்ப்போம்" என்று சொல்லி உடன் நிற்பதே பெற்றோர் கொடுக்கக்கூடிய பயிற்சி. கோல்ஃப் ஆட்டமும் அதையேதான் கேட்கிறது: குறைந்த அடிகளில் குழியைச் சேர வேண்டும்.

அடுத்த மாதம், இன்ஷா அல்லாஹ், கல்லூரிச் சேர்க்கைச் செலவுகளைப் பற்றிப் பேசுவோம்.