கூறிட்டு அளக்கட்டும்!

பள்ளிக்கரணை 2011-இல் பேரூராட்சி நிலை நீங்கிச் சென்னை மாநகராட்சியுள் அடங்கியது. ஊர் வளர்ந்தது; வீட்டின்மேல் வீடு எழுந்தது; சாலைப்புறத்து அறை கடையாயிற்று. ஆயின், சொத்துவரிக்குக் கட்டடத்தை மதிப்பிடுங்கால் அதனை எங்ஙனம் கூறிடுகின்றனர் என்பதை உடைமையாளர் பலர் உசாவுவதில்லை.

குடியிருப்புக்கு ஒரு வரி, கடைக்கு மிகுவரி. உடையவர் வாழும் பகுதிக்கு ஒரு கணக்கு; குடிக்கூலிக்கு விட்ட பகுதிக்கு வேறு கணக்கு. 2022-ஆம் ஆண்டு வரியுயர்வோ பரப்பையே அளவுகோலாகக் கொண்டது. 2011-இல் இணைந்த ஊர்களில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டிற்கு 25 விழுக்காடு உயர்வு; 1,201 முதல் 1,800 வரை 75 விழுக்காடு. உடன்பிறந்தார் மூவர் பாகம் பிரித்து, அறுநூறு அறுநூறு அடியில் தனித்தனியே வாழும் கட்டடத்தை ஒரே வீடென எழுதிவிட்டால், உயர்வு மும்மடங்கன்றோ! கூறிடுதல் எழுத்தரின் சிறுபணியன்று. எளிய குடும்பத்தின் உலையரிசியில் கைவைக்கும் பணி.

அவ்வளவையைப் ‘பிளிந்த் ஏரியா’ என்று எழுதி மயக்கவும் வேண்டா. ‘கட்டடப் பரப்பு’ எனத் தமிழில் வரைந்து, மாடிதோறும் பயன்தோறும் பிரித்துக் காட்டுக! வீட்டார் அதனைப் படித்து, நாடா பிடித்து ஒப்பிட்டு, பிழையாயின் எழுத்தால் மறுத்துரைக்கட்டும். தம் வீட்டின் கணக்கைத் தம் மொழியில் அறிவது இரவன்று, உரிமை!